ஆறு மணி நேர மந்தர்கள்

காலை ஒன்பது மணி. பள்ளியின் மணி ஒலிக்கிறது. சிறுவன் ஒருவன் வாயிலைக் கடந்து உள்ளே நுழைகிறான். நுழைந்த அந்த நொடியிலிருந்து அவன் மந்தன்!

பிற்பகல் மூன்று மணி. மீண்டும் மணி ஒலிக்கிறது. அதே சிறுவன் அதே வாயிலைக் கடந்து வெளியே வருகிறான். வந்த அந்த நொடியிலிருந்து அவன் மந்தனல்லன். தங்கையின் கையைப் பற்றிக்கொண்டு, வண்டிகள் பாய்ந்தோடும் வீதியைக் கடக்கிறான். கடையில் பொருள் வாங்கி, மீதிக் காசை எண்ணிப் பெறுகிறான். ஊர்மொழி அறியாத தாய்க்கும் வீட்டுக்காரருக்கும் இடையே நின்று, அவள் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை அவளுக்கும் எடுத்துரைக்கிறான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் மந்தனாகிறான். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம். அவ்வளவுதான் அவனுடைய மந்தம்!

விடுகதையா இது? அல்ல. வேடிக்கைக்காகக் கட்டிய கதையா? அதுவும் அல்ல. மனவளர்ச்சிக் குறைவு பற்றி ஆராய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்திருந்த குழு, 1969-ஆம் ஆண்டு, நகரத்து ஏழைக் குழந்தைகளின் கல்வி குறித்து ஒரு மாநாட்டைக் கூட்டியது. அம்மாநாட்டின் அறிக்கைக்கு அவர்கள் இட்ட பெயரே, ‘ஆறு மணி நேர மந்தக் குழந்தை’ என்பது. பள்ளிக்குள் மட்டும் மந்தராகக் கருதப்பட்டு, வீட்டிலும் வீதியிலும் மற்றவரைப் போலவே வாழ்கிற குழந்தைகள் ஏராளமானோர் உளர் என்று அவ்வறிக்கை எடுத்துரைத்தது.

‘மந்தன்’ என்பது புண்படுத்தும் சொல். அதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லைக் கல்வி, சுகாதாரம், தொழிலாளர் தொடர்பான கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து அமெரிக்கா 2010-இல் நீக்கிவிட்டது. நான் அதை இங்கே ஆள்வது, அச்சொல் செய்த தீங்கைச் சொல்ல வேண்டியிருப்பதால்தான். சொல் போயிற்று, ஆனால் கேள்வி போகவில்லை. வாயிலுக்கு உள்ளே ஒருவனாகவும் வெளியே இன்னொருவனாகவும் ஒரு குழந்தை தோன்றுமானால், குறை இருப்பது குழந்தையிடமா, வாயிலிடமா? அதைச் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு?

வாயிலுக்கு இருபுறமும் சென்று பார்த்தவருக்கு மட்டுமே உண்டு என்பது என் துணிபு. அந்த வேலையைச் செய்வதற்கென்றே அமெரிக்கப் பள்ளிகளில் ஒருவர் இருக்கிறார். பள்ளிச் சமூகப் பணியாளர் என்பது அவர் பெயர். அவரைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தேன். எழுதுமுன் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

* * *

நான் ஆசிரியன். வயது இருபத்தாறு. பட்டமும் பயிற்சியும் பெற்று, ஆறாம் வகுப்புக்குப் பாடம் சொல்லித் தருகிறவன். என் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு சிறுவன் இருந்தான். படி என்றால் விழிப்பான். நான் சொல்லச் சொல்ல எழுது என்றால், பக்கத்துப் பையனின் ஏட்டைப் பார்ப்பான். கேள்வி கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்புத்தான் என்னை மிகவும் சினமூட்டியது. சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறியும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் பட்டியல் கேட்டபோது, அவன் பெயரை எழுதினேன். பெயருக்கு எதிரே ‘அறிவு வளர்ச்சிக் குறைவு என ஐயம்’ என்றும் எழுதினேன். எழுத எவ்வளவு நேரம் ஆயிற்று? அரை நிமிடம்!

பெற்றோர் கையொப்பம் வேண்டியிருந்தது. தாயை வரச் சொல்லி அனுப்பினேன், வரவில்லை. பொறுப்பற்ற பெற்றோர் என்று மனத்துக்குள் அதையும் எழுதிக்கொண்டேன். ஒரு மாலை, படிவத்தை எடுத்துக்கொண்டு நானே அவன் வீட்டுக்குப் போனேன். தாய் இன்னும் களை எடுத்துவிட்டுத் திரும்பவில்லை. ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டி இருந்தார். கயிற்றுக் கட்டிலில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் கூறியது இது:

“மூணு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு சார். அதுக்கப்புறம் மழைக்காலம் வந்தா ரெண்டு காதுலயும் சீழ் வடியும். பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டான். முகத்தப் பாத்துச் சொன்னா எல்லாம் புரிஞ்சுக்குவான். பள்ளிக்கூடத்துல உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்.”

எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று அந்தக் குடும்பம் நினைத்தது! கரும்பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தி, ஓராண்டு பாடம் நடத்தியிருந்தேன் நான். அவனுக்குக் கேட்கவில்லை. நானோ கேட்கவே இல்லை.

அவனுக்குக் குறை இல்லையென்று சொல்ல வரவில்லை. குறை இருந்தது, உதவியும் வேண்டியிருந்தது. ஆனால் நான் எழுதியது அந்தக் குறையை அன்று. காதில் இருந்ததை மூளையில் எழுதிவிட்டேன். இவ்வளவு எளிதாகத் தவறு செய்ய என்னால் எப்படி முடிந்தது? இதை எண்ணியபோதுதான், என்னைப் போன்றோர் பெரும் பட்டங்களோடும் பெரும் கருவிகளோடும் செய்த தவறுகளின் வரலாற்றைப் படிக்கலானேன்.

* * *

அறிவை அளக்கும் கருவி தீய நோக்கத்தோடு பிறந்ததன்று. வகுப்போடு ஒட்டிப் படிக்க இயலாத குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று ஆராயப் பிரெஞ்சு அரசு 1904-இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இருந்தவர் ஆல்ஃபிரெட் பினே. ஆசிரியரின் வெறுப்புக்கும் அவசரத்துக்கும் குழந்தையின் எதிர்காலம் பலியாகக் கூடாது என்று கருதிய அவர், தியோடோர் சிமோனுடன் சேர்ந்து 1905-இல் முப்பது பணிகள் கொண்ட சோதனை ஒன்றை வெளியிட்டார். உதவி தேவைப்படுகிறவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளக்கு அது. குழந்தையின் அறிவு பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டது, அது வளராது என்று பேசியவர்களைப் பினே 1909-இல் கடுமையாக மறுத்தார். 1911-இல் அவர் மறைந்தார்.

விளக்கு கைமாறியது, விலங்காக மாறியது.

1908-இல் ஹென்றி கோடார்ட் என்ற உளவியலாளர் அச்சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லாந்து என்னும் ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியில் பணியாற்றியவர் அவர். பின்னர், ஐரோப்பாவிலிருந்து குடியேற வந்தவர்கள் கரையிறங்கும் எல்லிஸ் தீவுக்கு அச்சோதனை போயிற்று. கப்பலின் அடித்தட்டில் பல நாள் அலைக்கழிந்து, அச்சத்தோடும் அயர்வோடும் வந்து நின்ற ஏழைகளைச் சோதித்தார்கள். அவ்வாறு சோதித்த யூதர், இத்தாலியர், அங்கேரியர், உருசியர் குழுக்களில் ஐந்தில் நால்வர் அளவுக்கு அறிவு குன்றியவர் என்று 1917-இல் கோடார்ட் அறிவித்தார். நகைப்புக்கிடமான முடிவு! ஆனால் அன்று யாரும் நகைக்கவில்லை. 1916-இல் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்து லூயிஸ் டெர்மன் அதே சோதனையைத் திருத்தி விரிவாக்கினார். மெக்சிக்கர், கறுப்பின மக்கள் முதலியோரிடையே காணும் மந்தம் குலவழி வந்தது போலும் என்றும், அக்குழந்தைகளைத் தனி வகுப்புகளில் ஒதுக்க வேண்டும் என்றும் எழுதினார்.

பிறப்பிலே அறிவு, குலத்திலே கூர்மை! இந்தப் பாட்டு நமக்குப் புதிதா? ‘இன்னாருக்குப் படிப்பு ஏறாது’ என்று சாத்திரத்தின் பேரால் இங்கே சொன்னார்கள். எண்ணின் பேரால் அங்கே சொன்னார்கள். சாத்திரத்தையாவது ஏன் என்று கேட்கத் துணிந்தவர் உண்டு. எண்ணைக் கேட்பதற்கு இன்னும் துணிவு வேண்டும். ஏனெனில் எண், அறிவியலின் ஆடை உடுத்தி வருகிறது.

கேட்டார்கள், கலிஃபோர்னியாவில். 1970-இல் அங்கே ஒன்பது மெக்சிக்க வழிக் குழந்தைகளின் சார்பில் வழக்கு ஒன்று எழுந்தது. டயானா வழக்கு என்பார்கள். வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு குன்றியோர் வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிய மொழி அறிந்தவர் மீண்டும் சோதித்தார். அக்குழந்தைகளில் பெரும்பாலோர் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றனர்! குழந்தை மாறவில்லை, மூளை மாறவில்லை, கேட்ட மொழி மாறிற்று, அவ்வளவே. இனி வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று உடன்பாடு ஏற்பட்டது.

அடுத்தது, லேரி பி. வழக்கு. சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் 100-க்கு 28.5 பேர். ஆனால் அறிவு குன்றியோர் வகுப்புகளிலோ, 100-க்கு 66 பேர்! 1971-இல் தொடுத்த வழக்கில் 1972-இல் இடைக்காலத் தடை விதித்தார் நீதிபதி ராபர்ட் பெக்காம். 1979-இல் இறுதித் தீர்ப்பு வந்தது: கறுப்பினக் குழந்தைகளை அவ்வகுப்புகளில் சேர்ப்பதற்கு நுண்ணறிவுச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது.

இவற்றையெல்லாம்விட என்னைத் திகைக்க வைத்தது இன்னொரு செய்தி. அறிவுக் குறைபாட்டுக்கு இலக்கணம் வகுக்கும் அமெரிக்கத் துறைசார் சங்கம், 1959-இல் நுண்ணறிவு எண் 85-க்குக் கீழே எல்லைக்கோட்டை வைத்தது. 1973-இல் அதே சங்கம் கோட்டை 70-க்கு இறக்கியது. சோதனையின் கணக்குப்படி, 85-க்குக் கீழே வருவோர் 100-க்குச் சுமார் 16 பேர். 70-க்குக் கீழே வருவோர் 2 அல்லது 3 பேர். எண்ணிப் பாருங்கள்! நேற்றுவரை குறையுடையவராக எண்ணத்தக்கவர், இன்று காலை குறையற்றவர். மருந்து உண்ணவில்லை, பாடம் படிக்கவில்லை, கோடு நகர்ந்தது, குறை மறைந்தது. கோட்டை வரைந்த கை மனிதக் கை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

* * *

அப்படியானால் சோதனைகளைக் கொளுத்திவிடலாமா? சிறப்பு வகுப்புகளை இழுத்து மூடிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும்.

1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கணக்குப் பார்த்தபோது, அந்நாட்டில் குறைபாடுடைய குழந்தைகள் 80 இலட்சத்துக்கு மேல் என்றும், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்குத் தக்க கல்வி கிடைக்கவில்லை என்றும், 10 இலட்சம் பேர் பள்ளிகளிலிருந்தே விலக்கி வைக்கப்பட்டிருந்தனர் என்றும் கண்டது. ஒருபுறம், குறையில்லாத குழந்தைக்குக் குறை சுமத்தும் கொடுமை. மறுபுறம், குறையுள்ள குழந்தையைக் கண்டும் காணாமல் கைவிடும் கொடுமை. முதல் கொடுமையை மட்டும் பார்ப்பவன், ‘அளக்காதே’ என்பான். இரண்டாவதை மட்டும் பார்ப்பவன், ‘விரைந்து அள’ என்பான். இரண்டையும் பார்ப்பவன் கேட்பான்: எப்படி அளப்பது? யாரைக் கேட்டு அளப்பது?

அவ்வாண்டு நவம்பர் 29-இல் கையொப்பமான குறைபாடுடைய குழந்தைகளின் கல்விச் சட்டம், அதற்கு விடை சொல்ல முயன்றது. எந்த ஒரு சோதனையையும் மட்டும் கொண்டு முடிவு கட்டக் கூடாது. இன வேற்றுமையோ பண்பாட்டு வேற்றுமையோ பாராட்டும் முறையில் சோதிக்கக் கூடாது. குழந்தையின் மொழியில் சோதிக்க வேண்டும். பெற்றோர் முடிவில் பங்கேற்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது மறுபடியும் மதிப்பிட வேண்டும். சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த விதிகளும் திருத்தங்களும் இவற்றை வகுத்தன. அவ்விதிகளில், பள்ளிச் சமூகப் பணியாளரின் வேலைகளுள் முதலாவதாக நிற்கிறது ஒன்று: குழந்தையின் சமூக வரலாற்றை, வளர்ச்சி வரலாற்றை எழுதித் தருதல்.

வரலாறு! அரசர்க்கும் போர்களுக்கும் வரலாறு எழுதுவார்கள். பத்து வயது ஏழைச் சிறுவனுக்கு வரலாறு எழுதுவது யார்? அதற்கென ஒருவர் தோன்றியது இந்தச் சட்டத்தினால் அன்று. 1906, 1907 ஆண்டுகளிலேயே நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு நகரங்களில், குடியேறிய ஏழைகளின் தெருக்களுக்குப் பள்ளியிலிருந்து நடந்து சென்ற பெண்கள் இருந்தனர். ‘வீடு தேடி வரும் ஆசிரியை’ என்பது அன்று அவர்கள் பெயர். குழந்தை ஏன் வரவில்லை, வந்தும் ஏன் படிக்கவில்லை என்பதை அடுப்படியில் உட்கார்ந்து கேட்டறிந்தவர்கள் அவர்கள். 1913-இல் ரோச்செஸ்டர் நகரக் கல்வி வாரியம் அவர்களுக்குத் தானே ஊதியம் தரத் தொடங்கியது. எல்லிஸ் தீவில் ஒருவர் எண்ணைக் கொண்டு ஏழைகளை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், அந்தத் தீவுக்கு எதிர்க்கரையில், இன்னொருத்தி கதவைத் தட்டி அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்பது என்ன? தாய் கருவுற்ற காலம் எப்படி? பேறு எப்படி? குழந்தை எப்போது நடந்தான், எப்போது பேசினான்? பெரிய காய்ச்சல், வலிப்பு, காது நோய் எதுவும் உண்டா? பழைய வீட்டின் உரிந்த வண்ணப்பூச்சில் உள்ள ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். அத்தகைய வீட்டில் வாழ்ந்தானா? எத்தனை பள்ளிகள் மாறினான்? வீட்டில் என்ன மொழி? அண்மையில் சாவு, பிரிவு, வேலையிழப்பு நேர்ந்ததுண்டா? தானே குளிக்கிறானா, உடுத்துகிறானா, கடைக்குப் போகிறானா, விளையாட்டின் விதி அறிந்து ஆடுகிறானா? பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றிப் பெருமைப்படுவது எதை, அஞ்சுவது எதை? பிறகு வகுப்பறையின் மூலையிலும் விளையாட்டுத் திடலின் ஓரத்திலும் நின்று அவனைப் பார்க்கிறார். பின், எல்லாரும் கூடும் மேசைக்கு வருகிறார். ஆசிரியர் மதிப்பெண் கொண்டு வருவார். உளவியலாளர் சோதனை எண் கொண்டு வருவார். இவர் குழந்தையின் வாழ்க்கையைக் கொண்டு வருகிறார்.

இது வெறும் இரக்கமன்று. இலக்கணமே இதைக் கோருகிறது. அறிவுசார் குறைபாடு என்று சொல்ல எண் குறைந்திருந்தால் மட்டும் போதாது. அன்றாட வாழ்வில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் திறனும், பிறரோடு பழகும் திறனும் குறைந்திருக்க வேண்டும். அந்தத் திறனை மேசையில் வைத்து அளக்க முடியுமா? உடனிருந்து பார்த்தவரைத்தான் கேட்க வேண்டும். கோடார்ட் பணியாற்றிய அதே வைன்லாந்துப் பள்ளியிலிருந்துதான், பின்னர் 1930-களில் எட்கர் டால் என்பவர் சமூக முதிர்ச்சி அளவுகோலை உருவாக்கினார். தாயையோ, குழந்தையை நன்கறிந்த இன்னொருவரையோ உட்காரவைத்துக் கேட்டு நிரப்பும் அளவுகோல் அது. எண்ணை மட்டும் நம்பிய இடமே, தாயின் சொல்லுக்கு ஆசனம் இட வேண்டியதாயிற்று! அந்த அளவுகோல் இந்தியச் சூழலுக்கேற்பத் திருத்தப்பட்டு, நம் நாட்டிலும் வழங்குகிறது.

* * *

மறுப்புகள் வரும். வரட்டும், வரவேற்போம்.

‘எண் நடுநிலையானது, வீட்டுக்குப் போய்வந்தவர் மனம் இளகியிருக்கும், தீர்ப்புக் கோணிவிடும்’ என்பர் சிலர். பழக்கமில்லாத அறையில், பழக்கமில்லாத மொழியில், முன்பின் அறியாத ஒருவர் முன்னே பெற்ற எண் மட்டும் நேரானதா? அதுவும் ஒரு நிலைமையின் சாட்சியே. சிகாகோவில் எழுந்த இதே போன்ற வழக்கில், வேறொரு நீதிபதி 1980-இல் பெக்காமுக்கு மாறாகத் தீர்ப்பளித்தார். அவரும்கூட, பிற அளவைகளோடு சேர்த்துப் பயன்படுத்தினால் சோதனை ஓரவஞ்சனையாகாது என்றே சொன்னார். எதிரெதிரே நின்ற இரு நீதிபதிகளும் ஒன்றில் உடன்படுகின்றனர்: எண் தனியே நிற்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. ‘ஏழையின் வீட்டுக்குள் நுழைந்து, எத்தனை அறை, எத்தனை பாத்திரம், தந்தை குடிப்பவனா என்றெல்லாம் எழுத உங்களுக்கு யார் உரிமை தந்தது? பணக்காரன் வீட்டுக் கதவை இப்படித் தட்டுவீர்களா?’ நியாயமான சினம்! நான் கையொப்பம் வாங்கப் போன அன்று, என் கண்ணும் முதலில் ஓலைக்கூரையைத்தான் பார்த்தது. பாட்டியின் முகத்தைப் பிறகுதான் பார்த்தது. வறுமையையே குறைபாடாக எழுதிவிடும் கண் ஆபத்தான கண். எனவேதான் ஒப்புதல் பெற்றுப் போக வேண்டும். துப்பறியப் போகக் கூடாது. அந்த வீட்டில் தாய் குற்றவாளியல்லள், சாட்சி. சாட்சி மட்டுமா? அந்தக் குழந்தையைப் பற்றிய அறிவில் அவளே மூத்த ஆசிரியை, நாம் மாணவர்.

மூன்றாவது மறுப்பு, என் பக்கம் நிற்பவரிடமிருந்தே வரும். ‘ஏழைக் குழந்தை படிக்காததற்குக் காரணம் வறுமைதான், எந்தக் குறைபாட்டுப் பெயரும் வேண்டாம்’ என்பர். கேட்க இனிக்கும், ஆனால் இதிலும் நஞ்சுண்டு. கற்றல் குறைபாட்டுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் விளக்கம், பொருளாதாரத் தாழ்வினால் மட்டும் நேரும் பின்னடைவை அதில் சேர்க்காது. தவறான முத்திரையைத் தடுக்க இட்ட வேலி அது. அதையே சாக்காக வைத்து, ‘இவன் ஏழை, அதனால் படிக்கவில்லை, சிறப்பு உதவி தேவையில்லை’ என்று ஏழைக்கு மட்டும் கதவைச் சாத்தவும் கூடும். வறியவன் வீட்டிலும் எழுத்தைப் படிக்கத் திணறும் குழந்தை பிறக்கும். காது கேளாத குழந்தை பிறக்கும். அறிவு மெல்ல வளரும் குழந்தையும் பிறக்கும். அவர்களுக்குப் பெயர் சூட்ட மறுப்பது பெருந்தன்மையன்று, உரிமைப் பறிப்பு.

ஆகவே சமூகப் பணியாளர் ‘குறையில்லை’ என்று சொல்லி விடுவிக்க வருகிறவர் அல்லர். ‘குறையுண்டு’ என்று சொல்லிச் சிறைவைக்க வருகிறவரும் அல்லர். இந்தக் குழந்தைக்கு வேண்டியது எது என்று சொல்ல வருகிறவர். நீதிக்கு நான் காணும் அளவுகோல் ஒன்றே: தீர்ப்பு, குழந்தைக்கு ஒரு கதவைத் திறக்கிறதா, மூடுகிறதா? திறப்பதாயின், அது கசந்தாலும் நீதி. மூடுவதாயின், எத்தனை இலக்க எண்ணோடு வந்தாலும் அநீதி.

அமெரிக்காவிலும் எல்லாம் நிறைவாக நடக்கிறது என்று எண்ண வேண்டா. மதிப்பீட்டுக் குழுவில் சமூகப் பணியாளர் இருந்தே தீர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வழக்கம் வேறுபடுகிறது. 250 மாணவர்க்கு ஒருவர் வேண்டும் என்பது அப்பணியாளர் சங்கத்தின் பரிந்துரை. அதற்கு மேற்பட்ட சுமை விழும் இடங்களில், வரலாறு எழுத வேண்டியவர் படிவம் நிரப்புகிறவராகச் சுருங்கிப் போகிறார். அரை நிமிடத்தில் நான் எழுதிய வரியின் நெடுந்தொலைவு உறவினர் அவர்!

* * *

இனி நம் கடமைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்றுக்கொண்டது. கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் அவற்றுள் அடங்கும். சிறப்பாசிரியர்கள் உழைக்கின்றனர், முகாம்கள் நடக்கின்றன. மருத்துவர் வருகிறார், பார்க்கிறார், எழுதுகிறார். வரிசை நீளம், பொழுது குறுகல். அவர்களைக் குறை சொல்லேன். அவர்கள் கையில் பட்டியலைக் கொடுத்தவன் நான் அல்லவா? பட்டியலில் ஒரு வரி எழுதியவன், அந்த வரிக்குப் பின்னால் ஒரு வாழ்க்கையை எழுதிக் கொடுத்திருக்க வேண்டாவா?

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சமூகப் பணியாளர் என்ற நிலை நம்மிடம் இல்லை. வேண்டும் என்று கேட்போம், உரக்கவே கேட்போம். ஆனால் அவர் வரும்வரை குழந்தை வளராமல் காத்திருக்குமா? போக வேண்டியவர் இல்லையெனில், போகக் கூடியவர் போக வேண்டும். ஒரு குழந்தையின் பெயரை அந்தப் பட்டியலில் எழுதுமுன், அவன் வீட்டு வாசலை ஒருமுறை மிதிப்போம். ‘உங்கள் பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்போம். கேட்டுவிட்டு, வாய்மூடி இருப்போம். அதற்கு ஆணை வேண்டா, ஆணையாளர் வேண்டா, ஒரு மாலைப் பொழுது போதும்.

அந்தச் சிறுவன் இப்போது முதல் வரிசையில் இருக்கிறான். காதுக்கு மருத்துவம் நடக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை முடிக்க மாட்டேன். செவியில் விழாமல் போன ஆண்டுகளின் பாடம் ஒரு பருவத்தில் திரும்பி வந்துவிடாது. இன்னும் தட்டுத் தடுமாறித்தான் படிக்கிறான். நான் இப்போது கரும்பலகைக்கு முதுகு காட்டி நின்று, அவன் முகம் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நாள் மறந்து திரும்பிவிடுகிறேன். அப்போதெல்லாம் அவன் சிரிக்கிறான்.

முன்பு என்னைச் சினமூட்டிய அதே சிரிப்பு. அதன் பொருள் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும்: ‘ஐயா, கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்.’